அடைப்பு இருக்கும்போது சிறுநீர்ப்பைத் தசைக்கு என்ன நேர்கிறது?

கேள்வியின் சாரம் இது: தந்தைக்கு 68 வயது. இரண்டு ஆண்டுகளாகச் சிறுநீர் மெல்லிய தாரையாக, விட்டுவிட்டு வருகிறது. ஸ்கேனில் புராஸ்டேட் சுரப்பி 34 கிராம். சிறுநீர் கழித்த பிறகும் பையில் 110 மில்லி மீதம். மூன்று மாதமாக டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார். தாரை சற்றுப் பரவாயில்லை. ஆனால் இரவில் நான்கு முறை எழுவதும், கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் வேட்டி நனைந்துவிடுவதும் நிற்கவில்லை. ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், சுரப்பி அவ்வளவு பெரிதாக இல்லையே, எதற்கு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரும் சுரப்பியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் தசையைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்தத் தசையிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. யூராலஜி பிரிவில் பல ஆண்டுகள் சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் சோதனைகளைச் செய்தவன் நான். தசையைப் பற்றித் தெரிந்துகொண்டால், அந்த இரண்டு மருத்துவர்களிடமும் என்ன கேட்பது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சிறுநீர்ப்பையின் சுவர் முழுவதும் பின்னிக் கிடக்கும் தசைக்கு டெட்ரூசர் என்று பெயர். ஒரு நாளில் 23 மணி நேரத்துக்கும் மேலாக அது செய்கிற வேலை விரிந்து கொடுப்பதுதான். சிறுநீரகங்களிலிருந்து நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மில்லியாக இறங்கும் நீருக்கு இடம் விட்டுக்கொண்டே போகும். 400 மில்லி சேர்ந்த பிறகும் உள்ளே அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இந்த அழுத்தத்தை நீர்மட்டத்தின் உயரமாகச் செ.மீ. கணக்கில் சொல்வது வழக்கம். நல்ல நிலையில் உள்ள பை நிரம்பும்போது அது 10, 15 செ.மீ. அளவைத் தாண்டுவதில்லை. சும்மா இருப்பது போலத் தோன்றும் இந்த வேலை உயிர் காக்கும் வேலை. பையில் அழுத்தம் தாழ்ந்திருந்தால்தான் சிறுநீரகங்கள் தங்கள் நீரைத் தடையில்லாமல் கீழே இறக்க முடியும்.

கழிக்கும் நேரம் வந்ததும் மூளைத்தண்டில் உள்ள ஒரு மையத்திலிருந்து உத்தரவு கிளம்புகிறது. 1925இல் பாரிங்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பூனைகளை ஆராய்ந்து விவரித்த மையம் அது. முதலில் கீழே உள்ள சுருக்குத்தசை தளரும்; அதன் பிறகே மேலே டெட்ரூசர் சுருங்கும். வழி திறந்திருந்தால் அதிகம் முயல வேண்டியதில்லை. அடைப்பில்லாத ஆணுக்கு 40 செ.மீ. அளவு அழுத்தம் போதும். வினாடிக்கு 15 மில்லிக்குக் குறையாமல் நீர் வெளியேறிவிடும்.

இனி அடைப்புக்கு வருவோம். சுரப்பியின் எடையை வைத்து அடைப்பின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. இரண்டாவது மருத்துவரின் கருத்தோடு நான் ஒத்துப்போகாத இடம் இதுதான். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 20 கிராமாக இருக்கும் புராஸ்டேட், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. 80 கிராம் வரை வளர்ந்தும் வெளிப்புறமாகவே பெருத்ததால் தாரை கெடாதவர்கள் உண்டு. 30 கிராம் சுரப்பியின் நடுமடல் பையின் வாய்க்குள் துருத்திக்கொண்டு தக்கைபோல் அடைத்துவிட்டவர்களும் உண்டு. அதோடு, சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசைநார்களின் இறுக்கமும் அடைப்பில் ஒரு பங்கு வகிக்கிறது. டாம்சுலோசின் தளர்த்துவது அந்த இறுக்கத்தை மட்டுமே. சதையின் பருமனை அது தொடுவதில்லை. அடைப்பு புராஸ்டேட்டால்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. குழாயில் தழும்பு விழுந்து சுருங்கிய இளைஞர்கள், கர்ப்பப்பை இறங்கிய பெண்கள், பிறவியிலேயே குழாய்க்குள் சவ்வுத் தடுப்போடு பிறக்கும் ஆண் குழந்தைகள் என்று பலருக்கும் தசை ஒரே விதமான பாடுதான் படுகிறது.

பாரம் கூடியதும் தசை முதலில் வலுவைக் கூட்டிக்கொள்கிறது. மேட்டில் வண்டி இழுக்கும் மாட்டின் திமில் திரள்வதுபோல டெட்ரூசர் தடிக்கிறது. 40 செ.மீ. அழுத்தம் போதுமாக இருந்த இடத்தில் 80, 100, சிலருக்கு அதற்கும் மேல் உண்டாக்கி, குறுகிய வழியில் நீரைத் தள்ளுகிறது. இந்தக் கட்டத்தில் அந்த மனிதருக்கு எந்தக் குறையும் தெரியாமல் இருக்கலாம். தாரை ஓரளவு வருகிறது, பையும் காலியாகிவிடுகிறது. அதற்குத் தசை கொடுக்கும் விலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

தசை இறுகிச் சுருங்கும்போது அதன் சுவருக்குள் ஓடும் இரத்த நாளங்களும் நெரிபடுகின்றன. ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் சுவருக்கு இரத்தம் குறைகிறது. முடிந்ததும் மறுபடி பாய்கிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை, ஆண்டுக்கணக்கில் இது தொடர்கிறது. பன்றி, முயல், எலி ஆகியவற்றில் குழாயைப் பாதி அடைத்துச் செய்த ஆய்வுகள் இந்தப் பாதையைத் தெளிவாகக் காட்டின. இரத்தக் குறைவை முதலில் தாங்காமல் போவது சுவருக்குள் இருக்கும் நுண்நரம்புகள். அவற்றில் ஒரு பகுதி மடிகிறது. நரம்பை இழந்த தசைநார், எஞ்சியிருக்கும் நரம்பிலிருந்து கசியும் சிறு அளவு அசெட்டைல்கொலினுக்கும் (தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புப் பொருள் அது) துள்ளி எழும் அளவுக்குக் கூருணர்வு பெற்றுவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துத் தசைச் செல்களுக்கு இடையே மின் தொடர்பும் கூடுகிறது. முன்பு ஓர் இடத்தில் எழுந்து அங்கேயே அடங்கிவிடும் சிறு துடிப்பு, இப்போது சுவர் முழுவதும் பரவிவிடுகிறது. பையின் உட்சவ்வும் சும்மா இருப்பதில்லை. விரியும்போது அது சுரக்கும் செய்திப் பொருள்கள் கூடி, உணர்வு நரம்புகளைச் சீண்டிக்கொண்டே இருக்கின்றன.

உங்கள் அப்பா கழிவறைக் கதவருகே படும் அவதிக்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம். 150 மில்லி சேர்வதற்குள் தசை தானாகச் சுருங்குகிறது. அவருக்கு அது திடீரென்று அடக்க முடியாத முட்டலாகத் தெரிகிறது. அவர் சோம்பலால் எழாமல் இருந்துவிட்டார் என்றோ கவனக்குறைவு என்றோ வீட்டில் யாரும் எண்ணிவிடாதீர்கள். மனத்திட்பத்தால் நிறுத்தக்கூடிய சுருக்கம் அல்ல அது. அடைப்புள்ள ஆண்களைச் சோதித்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இப்படித் தானாகச் சுருங்கும் தசையைப் பார்க்கலாம்.

முன்பெல்லாம் இந்த வயது ஆண்களின் சிறுநீர்த் தொல்லைகள் அனைத்தையும் புராஸ்டேட் கோளாறு என்றே ஒரே பெயரில் அழைத்தார்கள். 1994இல் பிரிட்டனின் பால் ஏப்ரம்ஸ் அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னார். உறுப்பின் மேல் பழி போடாமல், கீழ்ச் சிறுநீர்ப் பாதை அறிகுறிகள் என்று பொதுவாகச் சொல்வோம் என்றார். சொல் மாறியதால் சிந்தனையும் மாறியது என்பதற்கு மருத்துவத்தில் நான் கண்ட நல்ல உதாரணம் இது. இப்போது அறிகுறிகளைப் பிரித்தே கேட்கிறோம். மெல்லிய தாரை, தொடங்கத் தாமதம், முக்குதல், விட்டுவிட்டு வருதல் ஆகியவை வெளியேற்றத்தின் குறைகள். அடிக்கடி போவது, அடக்க முடியாமை, இரவில் எழுவது ஆகியவை சேமிப்பின் குறைகள். முடித்த பிறகு சொட்டுவதும், முழுதாகப் போகவில்லை என்ற உணர்வும் மூன்றாவது வகை. மனிதரை அதிகம் வாட்டுவது சேமிப்பின் குறைகள்தான். தாரை மெலிந்ததற்காக யாரும் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. வேட்டி நனைந்துவிடுமோ என்ற பயத்தில் பேத்தியின் கல்யாணத்துக்கே வர மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பாரம் இன்னும் நீடித்தால் தசைநார்களுக்கு இடையே நார்த்திசு படிந்து, சுவர் விறைக்கிறது. சுவரின் உட்பக்கம் வரிவரியாகப் புடைத்து, அந்த வரிகளுக்கு நடுவே சுவர் சிறுசிறு பைகள்போலப் பிதுங்குகிறது. கடைசியில் சுருங்கும் வலுவே குறைகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மீதம் நிற்க, பை பெரிதாகிறது. பெரிதான பையில் அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர் கூடுதலாக இழுக்க வேண்டும். ஆரம் கூடக் கூட இழுவிசையும் கூட வேண்டும் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாசின் பழைய கணக்கு. அளவுக்கு மீறி நீண்ட தசையால் நன்றாகச் சுருங்கவும் முடியாது. இப்படி ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டு போகும் இந்தக் கட்டத்தில் வலி இருக்காது. திடீரென அடைத்துக்கொண்டால் மனிதர் துடித்துப்போய் அன்றே மருத்துவமனைக்கு ஓடிவிடுவார். மெதுவாக நிரம்பித் தேங்கும் பை சத்தம் போடுவதில்லை.

என் சித்தப்பா 71 வயதில் இரவில் படுக்கையை நனைக்கத் தொடங்கினார். வயதாகிவிட்டது என்று எண்ணி வீட்டில் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்கள். அவரும் வெட்கப்பட்டு என்னிடம்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வந்தபோது ஏழு மாதங்கள் ஓடிவிட்டன. தொப்புள் வரை பை எழும்பி நின்றது. கைவைத்து அழுத்தினாலும் அவருக்கு வலிக்கவில்லை. சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரைப் போட்டதும் 1,800 மில்லி வடிந்தது. சிறுநீரகம் கெடக் கெட இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 6ஐத் தாண்டியிருந்தது. பையின் அழுத்தம் நிரந்தரமாக உயர்ந்து, சிறுநீரகங்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அடுத்த இரண்டு நாள்கள் சிறுநீர் வெள்ளமாகக் கொட்டியது. மணிக்கணக்கில் அளந்து அளந்து உப்பும் நீரும் ஏற்றினார்கள். சிறுநீரகம் ஓரளவு மீண்டது, முழுதாக மீளவில்லை. பிறகு அறுவை சிகிச்சை செய்தும் தசையால் பையைக் காலி செய்ய முடியவில்லை. வயதான ஆண் ஒருவர் புதிதாகப் படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், அது தேங்கி நிரம்பிய பை வழிவதாக இருக்கலாம், சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்று முதலில் எண்ணுங்கள். அன்று அதை யாராவது எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் போதும்.

சரி, தசை வலுவாக இருக்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டறிவதால் மட்டும் முடியாது. வழி அடைபட்டாலும் தாரை மெலியும். தள்ளும் தசை சோர்ந்தாலும் தாரை மெலியும். ஏழு கேள்விகளுக்கு 35 மதிப்பெண் கொண்ட அறிகுறிப் பட்டியலைப் பெரும்பாலான மருத்துவர்கள் நிரப்பச் சொல்வார்கள். 7 வரை லேசானது, 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. தொல்லையின் அளவை அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பொறிக்குள் சிறுநீர் கழித்து வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ சோதனையிலும் இதே குறை உண்டு. வினாடிக்கு 10 மில்லிக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாமே தவிர, உறுதியாகச் சொல்ல முடியாது. கழித்த அளவு 150 மில்லிக்குக் குறைந்தால் அந்த அளவீட்டையே நம்பக் கூடாது.

உறுதியாகச் சொல்வது அழுத்தமும் வேகமும் சேர்த்து அளக்கும் யூரோடைனமிக்ஸ் சோதனை. சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், வயிற்று அழுத்தத்தைக் கழித்துப் பார்க்க மலக்குடலில் இன்னொன்று. கொஞ்சம் அசௌகரியம்தான், ஆனால் பொறுக்கக்கூடியது. இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரின் உச்ச வேகமும் வினாடிக்கு 6 மில்லி. முதலாமவரின் தசை அந்த நேரத்தில் 80 செ.மீ. அழுத்தம் காட்டுகிறது, மற்றவருடையது 25. அழுத்தத்திலிருந்து வேகத்தின் இரு மடங்கைக் கழித்தால் அடைப்பின் அளவு கிடைக்கும்: முதலாமவருக்கு 68, மற்றவருக்கு 13. 40க்கு மேல் என்றால் அடைப்பு. 20க்குக் கீழ் என்றால் இல்லை. அழுத்தத்தோடு வேகத்தின் ஐந்து மடங்கைக் கூட்டினால் தசையின் வலு தெரியும்: முதலாமவருக்கு 110, மற்றவருக்கு 55. 100க்குக் குறைந்தால் பலவீனம். தாரையைப் பார்த்தால் இருவரும் ஒன்று. முதலாமவருக்கு அறுவை சிகிச்சை பெரிய விடுதலை தரும். மற்றவருக்குச் சுரப்பியைச் செதுக்கி எடுத்தாலும் அந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது.

எல்லாருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் 26 மருத்துவமனைகளில் 820 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. எல்லாருக்கும் வழக்கமாக இந்தச் சோதனையைச் செய்ததால் அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை குறையவில்லை என்று அது காட்டியது. படம் தெளிவாக இருப்பவர்களுக்குத் தேவையில்லை. நீரிழிவு பல ஆண்டுகளாக உள்ளவர், பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ வந்தவர், மீதம் மிக அதிகமாக நிற்பவர், சுரப்பி சிறியதாகவும் தொல்லை பெரியதாகவும் உள்ளவர் ஆகியோருக்கு, கத்தியை எடுப்பதற்கு முன்பு கட்டாயம் யோசிக்க வேண்டும். உங்கள் அப்பா கடைசி வகையில் வருகிறார். அவருக்கு நீரிழிவு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இது இன்னும் அவசியம். நீரிழிவு பையின் உணர்வையே மழுங்கடித்து, தசையைத் தன் வழியில் தளர்த்திவிடும்.

அந்த 110 மில்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஸ்கேன் மையங்களில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பை வெடித்துவிடும்போல் ஆகும்வரை காத்திருக்க வைப்பார்கள். அப்படி அளவுக்கு மீறி விரிந்த பையை, பழக்கமில்லாத கழிவறையில், வெளியே வரிசை நிற்கும்போது யாராலும் முழுதாகக் காலி செய்ய முடியாது. வழக்கமான முட்டல் வந்தவுடன் நிதானமாகக் கழித்துவிட்டு, மீதத்தை மட்டும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை அளந்தால் இன்னும் நல்லது.

மருந்துகளில், டாம்சுலோசின், சைலோடோசின் வகை வழியின் இறுக்கத்தைத் தளர்த்தும். சில நாள்களிலேயே பலன் தெரியும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரலாம். கண்புரை அறுவைக்குப் போகிறவர் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கருவிழிப் படலம் தளர்ந்து அறுவையில் சிக்கல் உண்டாக்கும். ஃபினாஸ்டிரைடும் டூடாஸ்டிரைடும் சுரப்பியைக் கால்பங்கு அளவு சுருக்கும்; ஆனால் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். பெரிய சுரப்பிக்குத்தான் அவை அதிகம் உதவும். புராஸ்டேட் புற்றுநோயைத் தேட இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவையும் அவை பாதியாகக் குறைத்துக் காட்டும்.

அடங்காத தசையை அமைதிப்படுத்த வேறு மருந்துகள் உண்டு. சோலிஃபெனாசின், டோல்டெரோடின் போன்றவை அசெட்டைல்கொலினைத் தடுக்கும். வாய் உலரும், மலம் கட்டும், முதியவர்களுக்கு நினைவும் குழம்பலாம். மிராபெக்ரான் வேறு வழியில் தசையைத் தளர்த்துகிறது. இந்தத் தொல்லைகள் குறைவு, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். டாம்சுலோசினோடு இவற்றில் ஒன்றைச் சேர்ப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அடுத்த படி அதுவாக இருக்கலாம். மீதம் 150 மில்லிக்கு மேல் போனால் தயக்கம் வேண்டும் என்பதால்தான் அதைச் சரியாக அளக்கச் சொன்னேன்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம். குழாய் வழியாகச் செதுக்கும் முறையும் லேசர் முறையும் நன்றாக நிலைபெற்றவை. ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வழி திறந்ததும் தாரை உடனே சீராகும். தானாகச் சுருங்கும் தசை அடங்க மாதங்கள் ஆகும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்தத் தொல்லை ஓரளவு தங்கிவிடுகிறது. அதைச் சொல்லாமல் அறுவை செய்யும்போது, நன்றாக நடந்த சிகிச்சையையும் தோல்வி என்று நினைத்து நோயாளி உடைந்துபோகிறார்.

தசை முழுதாக ஓய்ந்தவர்களுக்கும் வழியிருக்கிறது. 1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லேபிடஸ், நோயாளி தானே சுத்தமான கைகளால் நாளைக்குச் சில முறை கதீட்டர் செலுத்திப் பையை வடித்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். கிருமிநீக்கம் செய்யாத குழாயா என்று பலர் அதிர்ந்தார்கள். உள்ளே நுழையும் கிருமியைவிட, அளவுக்கு மீறி விரிந்து இரத்தம் குறைந்த பைச்சுவர்தான் தொற்றுக்கு அதிகம் இடம் கொடுக்கிறது என்பது அவர் வாதம். காலம் அவர் பக்கம் நின்றது. என் சித்தப்பா நாளைக்கு நான்கு முறை அப்படித் தானே வடித்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பேருந்தில் தனியாகப் பழனிக்குப் போய் வந்தார்.

இப்போதைக்கு அப்பாவுக்குச் செய்ய வேண்டியவை: சளிக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் வேண்டாம். அவற்றில் உள்ள குளோர்ஃபெனிரமின் தசையைச் சோர வைக்கும். சூடோஎபிட்ரின் பையின் கழுத்தை இறுக்கும். பல பேருக்கு முழு அடைப்பு வந்தது அப்படி ஒரு மாத்திரைக்குப் பிறகுதான். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். கிரியாட்டினின் பார்த்திராவிட்டால் பார்த்துவிடுங்கள். முற்றிலும் போகாமல் நின்றுவிட்டால், காய்ச்சலோ இரத்தமோ கண்டால், படுக்கை நனையத் தொடங்கினால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் மூன்று நாள் அளவுக் குறிப்பு ஒன்றை எழுதி வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் அளவுக் குவளை போதும். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, முட்டல் எப்படி இருந்தது, என்ன குடித்தார் என்று எழுதுங்கள். நான்கு முறை எழுவதற்குப் பை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் கழிப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவிலேயே சுரந்தால், அது மாலையில் வீங்கும் கால்களாலோ, இதயத்தாலோ, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாலோ, நேரம் தவறிச் சாப்பிடும் நீர் மாத்திரையாலோ இருக்கலாம். அதை எந்தப் புராஸ்டேட் மாத்திரையும் நிறுத்தாது. நாளைக் காலை எழுந்ததும் கழிப்பதை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். மறுநாள் காலை எழுந்ததும் கழிப்பதை முந்தைய இரவின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.